லிஃப்ட் கதவைச் சாத்தாத சில பேர்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. நீங்க அந்தப் பட்டனை அழுத்தி அழுத்திப் பாக்கறதுல பிரயோஜனமே இல்ல. லிஃப்ட் இப்ப வராது. மேல யாரோ கதவைத் திறந்து போட்டிருக்காங்க.

இது பழைய லிஃப்ட். எந்த மாடியில வெளிக்கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தாலும் நின்ன இடத்துலயே நிக்கும். இத்தனைக்கும் அது தானா சாத்திக்கிற கதவு. நாமளா எதையாவது சொருகி வச்சாத்தான் திறந்திருக்கும். அப்படின்னா எவ்வளவு திமிர் இருக்கணும் பாருங்க.

எத்தனை மாசம்? ஏழா? அப்ப படியேறவே வேண்டாம். வாட்ச்மேன் பலராமன் பால் வாங்கப் போயிருக்கான். வந்ததும் மேல போய்ச் சாத்திட்டு வருவான், அவனுக்கு அதான் வேலை. மூணாவது மாடி டி-டூ பாக்கத்தானே வந்தீங்க? புரோக்கர் சாவி எடுத்துட்டு வர்றாரா? எங்க இருக்கேன்னாரு, குரோம்பேட்டை சிக்னலா? அப்ப அரை மணி நேரம் ஆகும். சும்மா இருங்க, நான் பேச்சுத்துணைக்கு இருக்கேன்.

நான் எஸ்-டூ, ரெண்டாவது மாடி. சந்திரமதி டீச்சர்னா எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சரா இருந்தவ. நான் விசில் ஊதினா ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க அப்படியே நிக்கும். இங்க பதினாறு வீடு, ஒருத்தரை நிறுத்த முடியல. துணி காயப்போட மொட்டை மாடிக்குக் கிளம்பினேன், தெருவுல கீரைக்காரம்மா குரல் கேட்டுச்சு, அப்படியே போட்டுட்டுப் படியில இறங்கி ஓடிவந்தேன். இறங்கறதுக்கு என் முட்டி ஒண்ணும் சொல்லாது, ஏறத்தான் விடாது. கீரையை வாங்கிக் கால் மணி நேரமா உங்களை மாதிரிதான் நானும் காத்துட்டிருக்கேன். சிறுகீரை, வாடிப் போகுது பாருங்க.

சுத்தி சுவத்தைப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. மொத்தம் முப்பத்தாறு நோட்டீஸ், நான் எண்ணியிருக்கேன். எல்லாம் எங்க செக்ரட்டரி வைத்தியலிங்கம் சார் கைவண்ணம். ரிட்டையர் ஆனதும் அவர் பையன் ஒரு லாமினேஷன் மெஷின் வாங்கிக் குடுத்தான். அன்னைலேர்ந்து எங்களுக்குச் சனி. 'மாடிப்படியில் செருப்பு வைக்காதீர்.' 'மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக் காக்கைகளை வரவழைக்காதீர்.' அதோ அந்த மூலையில ஒண்ணு இருக்கு பாருங்க, 'சுவரில் எதையும் ஒட்டாதீர்.' அதையும் ஒட்டித்தான் வச்சிருக்காரு.

மனுஷன் தங்கம். எனக்கு எதிர் வீடு, பதினாலு வருஷப் பழக்கம். ஆனா ஒருத்தரை நேருக்கு நேர் பாத்து, "நீ பண்றது தப்பு"ன்னு சொல்ல நாக்கு எழும்பாது. தப்பு நடந்தா நோட்டீஸ். திரும்ப நடந்தா அதே நோட்டீஸ், கொஞ்சம் பெரிய எழுத்துல. அதுக்கும் மேல போனா வாட்ஸப் குரூப்புல போடுவாரு. குரூப் பேரு 'அமிர்தவர்ஷினி குடும்பம்'. அதுல என்ன போடுவாருன்னு நினைக்கறீங்க? 'சிலர் லிஃப்ட் கதவைச் சாத்தாமல் விடுவதாகத் தெரிகிறது. அனைவரும் ஒத்துழைக்கவும்.' கீழே ரெண்டு கும்பிடு.

சிலர்னா யாரு? அதைத்தான் சொல்ல மாட்டாரு. எங்க பில்டிங்ல அது ஒரு வழக்கம். யார் பேரையும் யாரும் சொல்லக் கூடாது, சொன்னா மனஸ்தாபம் வந்துடுமாம். 'சில பேர்', 'ஒரு சில வீட்டுக்காரங்க', 'அவங்களுக்கே தெரியும்'. எல்லாரும் இப்படியே பேசினா, தப்புப் பண்றவன் அது வேற யாரையோ சொல்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா இருப்பான். எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வரும். ஒவ்வொரு மெசேஜுக்கும் முதல் பதில் என்னோடதாத்தான் இருக்கும். 'மிகச் சரி சார். கடும் நடவடிக்கை தேவை. பேர் சொல்லுங்கள்.' அதுக்கப்புறம் ஒருத்தரும் கட்டைவிரல்கூடக் காட்ட மாட்டாங்க. தைரியம் இல்லாத ஜனங்கம்மா.

செருப்பு நோட்டீஸா? ஆமா, என் வீட்டு வாசல்ல ஒரு ஸ்டாண்ட் இருக்கு. அது ஸ்டாண்ட். ஸ்டாண்ட்ல வச்சா அது அடுக்கி வைக்கறது, நோட்டீஸ் சொல்றது சிதறிப் போடறதை. வடாமும் நான் போடுவேன், ஆனா பழைய குடையை விரிச்சு மூடிடுவேன். என் வடாத்துக்குக் காக்கா வராது. வர்ற காக்கா வேற யாரோட வடாத்தையோ தேடி வருது. அதுக்கு நான் என்ன பண்ண?

லிஃப்டுக்கு வர்றேன். விஷயமே லிஃப்ட்தான்.

டி-டூவுல உங்களுக்கு முன்னாடி ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருந்தா. நர்ஸ். வீட்டுக்காரரு ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனி. ஒரே பொண்ணு, ரெண்டாம் கிளாஸ், அதோ பின் தெரு ஸ்கூல்ல. நடந்தே போயிடலாம், அதுக்காகவே இந்த வீட்டைப் பிடிச்சாங்களாம். அமைதியான பொண்ணுதான். எதிர்ல வந்தா "ஆண்டி"ன்னு சிரிக்கும். ஆனா அமைதியா இருக்கறவங்களைத்தான் கவனிக்கணும், முப்பத்தொரு வருஷ அனுபவத்துல சொல்றேன். கடைசி பெஞ்சுல சத்தம் போடறவன் ஒண்ணும் பண்ண மாட்டான்.

அவளுக்குக் காலைல ஏழு மணி டியூட்டி. ஆறு மணிக்குக் கிளம்புவா. ஒரு நாள் நான் வீட்டுக்குள்ளேர்ந்து இரும்புக் கதவு வழியாப் பாக்கறேன், எங்க மாடி லிஃப்ட் கதவுகிட்ட குனிஞ்சு என்னமோ பண்ணிட்டிருக்கா. மூணாவது மாடிக்காரிக்கு ரெண்டாவது மாடி லிஃப்ட் கதவுகிட்ட என்ன வேலை? நீங்களே சொல்லுங்க. மறுநாளும் பாத்தேன். அடுத்த நாளும். நான் உடனே நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சேன். பதினோரு நாள், பதினோரு தடவை.

அதுமட்டுமில்ல. என் கட்டை காணாமப் போகும். பூரிக்கட்டைம்மா. ஒரு பக்கம் பிடி ஒடிஞ்சது, சமையலுக்கு ஆகாது, அதைத் துணி காயப்போடப் போறப்ப வச்சுப்பேன். எதுக்கா? வாளியை லிஃப்டுக்குள்ள வச்சப்புறம்தான் எனக்கு ஞாபகம் வரும், காஸை மூடினோமா, கிளிப்பு டப்பாவை எடுத்தோமான்னு. அதுக்குள்ள வேற மாடிக்காரன் பட்டனை அழுத்திட்டா வாளி ஊர்வலம் போயிடும். அதனால கட்டையை லிஃப்ட் கதவுல சொருகிட்டு உள்ள போயிட்டு வந்துடுவேன். ரெண்டு நிமிஷம்தான். சில சமயம் பொண்ணு மஸ்கட்லேர்ந்து அப்பத்தான் கூப்பிடுவா. கூப்பிட்டா பேசாம இருக்க முடியுமா, அங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்னைக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஆனா நான் திரும்பி வர்றவ. திறந்து போட்டுட்டுப் போறது வேற, திரும்பி வர்றதுக்காக வச்சுட்டுப் போறது வேற. அந்த வித்தியாசம் புரியாதவங்க இங்க யாரும் கிடையாது.

நான் திரும்பி வந்து பாத்தா கட்டை மீட்டர் பாக்ஸ் மேல இருக்கும். வாளி என் வாசல்ல, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல ஒழுங்கா உக்காந்திருக்கும். லிஃப்ட் போயிருக்கும். அடுத்தவங்க பொருளைத் தொடலாமா? அதையும் நோட்டுல எழுதினேன்.

சரி, நாதமுனி சார் கதைக்கு வாங்க. நாலாவது மாடி. முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாரு. வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி. ஆம்புலன்ஸ் இங்க, இதே இடத்துல நிக்குது. லிஃப்ட் வரல. எல்லாரும் கீழேர்ந்து "லிஃப்ட், லிஃப்ட்"னு கத்தறாங்க. எங்க ஆளுங்க பழக்கம் அது. கீழ நின்னு கத்துவாங்களே தவிர, ஏறிப் போய் எந்த மாடின்னு பாக்க மாட்டாங்க. கடைசியில நாதமுனி சாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டாங்க. ஜெசிந்தா வீட்டுக்காரரு ஒரு கால் பிடிச்சாரு. நாற்காலிக் காலைச் சொல்றேன். முதல் மாடித் திருப்பத்துல நாற்காலி கை விரிசல் விட்டு, மனுஷன் அலறின அலறல் இருக்கே.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் போனை வச்சுட்டு வெளிய வந்தேன். ரெண்டாவது மாடிக்கு வந்துட்டாங்க, நாலு பேரும் வேர்த்து ஒழுகிட்டு நிக்கறாங்க. நான் பாத்தேன், நல்ல வேளை, லிஃப்ட் எங்க மாடியிலயே நிக்குது. "இங்க இருக்கு பாருங்க லிஃப்ட், கொண்டாங்க சாரை"ன்னு நானே வாளியை வெளிய எடுத்து வச்சு, கதவை அகலமாத் திறந்து பிடிச்சு, அவரை ஏத்தி விட்டேன். நான் மட்டும் இல்லேன்னா இன்னும் ரெண்டு மாடி தூக்கியிருப்பாங்க. ஒருத்தர் வாயிலேர்ந்து ஒரு நன்றி வரல. நாதமுனி சார் சம்சாரம் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. பாவம், பதட்டத்துல இருந்தாங்க.

அதுக்கப்புறம்தான் சூடு பிடிச்சுது. நாதமுனி சம்சாரம் செக்ரட்டரி வீட்டு வாசல்ல நின்னு, "இன்னைக்கு நடவடிக்கை எடுக்கணும், இல்லேன்னா நான் போலீசுக்குப் போவேன்"னு சொன்னாங்க. நான் என் வாசல்லேர்ந்தே, "எடுக்கத்தான் வேணும். நான் உங்க பக்கம்"னு குரல் குடுத்தேன். வைத்தியலிங்கம் சார் என்னைப் பாத்தாரு, அவங்களைப் பாத்தாரு, மின்விசிறியைப் பாத்தாரு. ஒரு வாரத்துல கேமரா வாங்கிட்டாரு.

நேர்ல ஒரு வார்த்தை கேக்கறதுக்குப் பதிலா கேமரா. எங்க ஆளுங்க அப்படித்தான். அதையும் எங்க வச்சாருன்னு கேளுங்க. ரெண்டாவது மாடியில, சரியா லிஃப்டுக்கு எதிர்ல. "மூணாவது மாடியில வைங்க சார், நோய் அங்கதான் இருக்கு"ன்னு சொன்னேன். "முதல்ல ஒரு மாடியில பாப்போம் டீச்சர்"னு இழுத்தாரு. சரி, அவ எங்க மாடிக்குத்தானே வந்து குனியறான்னு நானும் விட்டுட்டேன்.

பத்து நாள் ஓடிச்சு. ஒரு நாள் சார் எங்க வீட்டுக்கு வந்தாரு. கையில போன். சோபாவுல நுனியில உக்காந்தாரு. நான் காபி குடுத்தேன். "டீச்சர், கேமரா பாத்தேன்"ன்னாரு. "தெரிஞ்சுதா சார்?"ன்னேன். "தெளிவாத் தெரியுது"ன்னாரு. "அப்ப என்ன தயக்கம், பேரைச் சொல்லுங்க"ன்னேன். காபியை உறிஞ்சினாரு. இந்த வருஷம் வெயில் ஜாஸ்திங்கறாரு. மருமகளுக்குத் தைராய்டுங்கறாரு. "டிகாக்‌ஷன் நல்லா இறங்கியிருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சாயந்தரம் பாத்தா வாட்ஸப்புல எனக்குத் தனியா ஏதோ வீடியோ அனுப்பியிருக்காரு. நான் கண்ணாடி போட்டுட்டு வர்றதுக்குள்ள அழிச்சிருக்காரு. கேட்டதுக்குக் கை தவறிப் போச்சுன்னாரு. அவருக்கு அந்த போனை வச்சுக்கவே தெரியாது.

அப்புறம் மீட்டிங். இதோ இந்த கார் நிறுத்தற இடத்துலதான், ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு. போண்டா, காபி. போண்டா இல்லேன்னா ரெண்டு பேரு வருவாங்க, இருந்தா ஒன்பது பேரு. சொந்தக்காரங்க மட்டும்தான் வரலாம். வாடகைக்கு இருக்கறவங்க வரக் கூடாது, அது எங்க ஏழாவது ரூல். பதினாறு வீட்டுல வாடகைக்கு இருந்தது ஜெசிந்தா குடும்பம் மட்டும்தான். அதனால அந்த ரூலை மட்டும் நாங்க எப்பவும் கரெக்டா கடைப்பிடிச்சுடுவோம்.

செக்ரட்டரி எழுந்தாரு. தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "கேமரா பதிவு பாத்தேன். யாருன்னு தெரிஞ்சுது. பேர் சொல்ல விரும்பல. அவங்களுக்கே தெரியும்"னு சொல்லி உக்காந்துட்டாரு.

எனக்கு வந்தது பாருங்க கோபம். எழுந்தேன். "அவங்களுக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்க. பதினாலு வருஷமா இதையே சொல்றீங்க. இன்னைக்குப் பேர் சொல்லாம இங்கேர்ந்து யாரும் நகரக் கூடாது"ன்னேன். ஒன்பது பேரும் அப்படியே கீழ பாத்துட்டாங்க. போண்டாத் தட்டை இவ்வளவு உன்னிப்பா யாரும் பாத்து நான் பாத்ததில்ல. நாதமுனி சம்சாரம் மட்டும் வாயைத் திறந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு கையைப் பிடிச்சு, "விடு, பக்கத்துல பக்கத்துல இருக்கோம், தினம் முகத்துல முழிக்கணும்"னாரு.

அப்ப நான் என் நோட்டை எடுத்தேன். "யாரும் சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். தேதியோட இருக்கு"ன்னு பதினோரு நாளையும் படிச்சேன். மூணாவது மாடி டெனன்ட், ரெண்டாவது மாடி லிஃப்ட் கதவு, காலை ஆறு மணி. கேமராவுல அவ இல்லேன்னு சொல்லுங்க சார்னு கேட்டேன். "இருக்காங்க... கதவுகிட்ட இருக்காங்க. ஆனா..."ன்னாரு. "இருக்காங்கள்ல, போதும்"னேன். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் அவரும் ஒண்ணும் சொல்லல, வேற யாரும் கேக்கல. எல்லார் மூஞ்சியிலயும் ஒரு நிம்மதி வந்துச்சும்மா. கண்ணால பாத்தேன். முடிஞ்சுதுடாப்பான்னு ஒருத்தரு ரெண்டாவது போண்டா எடுத்தாரு.

அவ படித் திருப்பத்துல நின்னுட்டிருந்திருக்கா. பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு. "சார், நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"ன்னா. செக்ரட்டரி, "மீட்டிங் ஓனர்களுக்கு மட்டும்மா, எழுதிக் குடுங்க"ன்னாரு. எழுதித்தான் குடுத்தா, மறுநாளே. ஒரு முழுப் பக்கம். அதைப் படிச்சுட்டு சார் ஃபைல்ல வச்சுட்டாரு. என்ன எழுதியிருந்தான்னு கேட்டேன், "அது... பொதுவா"ன்னாரு.

பெங்களூர்ல இருக்கற ஓனருக்கு லெட்டர் போச்சு. அவருக்கென்ன, இவ இல்லேன்னா இன்னொருத்தர். ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்லிட்டாரு. அரைப் பரீட்சைக்கு முன்னாடி. இந்தப் பக்கம் அவங்களுக்குத் தகுந்த வாடகையில வீடு கிடைக்கல, மண்ணிவாக்கம் தாண்டிப் போயிட்டாங்க. அந்தக் குட்டி இப்ப வேன்ல ஒரு மணி நேரம் வருதாம் ஸ்கூலுக்கு. பலராமன் சொன்னான். கேட்டதும் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும், ரெண்டு நாள் சோறு இறங்கல. ஆனா ரூல்னா ரூல். ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா அத்தனை பேரும் ஆடுவாங்க.

இப்ப ஆச்சரியம் என்னன்னு கேளுங்க. அவ போய் ரெண்டு மாசம் ஆச்சு. லிஃப்ட் சரியாயிருக்கணுமா இல்லியா? முன்னையவிட மோசம். அப்பெல்லாம் பத்து நிமிஷம் நிக்கும், தானா சரியாயிடும். இப்ப அரை மணி, முக்கால் மணி நேரம் ஆனாலும் அசையறதில்ல. இன்னைக்கே பாருங்க. நோட்டீஸ் புதுசா நாலு வந்துடுச்சு. அவகிட்டேர்ந்து வேற யாரோ கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கறேன்.

என்ன கேட்டீங்க? போறப்ப ஏதாவது சொன்னாளான்னா?

சாமான் ஏத்தின அன்னைக்கு என் வீட்டுக்கு வந்தா. காலிங் பெல் அடிச்சா. கதவைத் திறந்தா கையில அந்தப் பூரிக்கட்டை. கழுவித் துடைச்சிருந்தா. ரெண்டு கையாலயும் நீட்டினா, கோயில்ல குடுக்கற மாதிரி. "ஆண்டி, இது உங்களோடது. இனிமே காலைல எடுத்து வைக்க நான் இருக்க மாட்டேன். படியில யாராவது ஏற முடியாதவங்க வந்தா பாத்துக்கங்க"ன்னா. அவ்வளவுதான். கோபமா சொன்னா பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியாதா? கோபமே இல்ல அந்தக் குரல்ல. அந்தக் குட்டி பின்னாடி நின்னுக்கிட்டு, "டாட்டா டீச்சர் பாட்டி"ன்னுது. நான் கட்டையை வாங்கி வச்சுக்கிட்டேன். உள்ள கூப்பிட்டு ஒரு வாய் காபி குடுத்திருக்கலாம். தோணல. தோணாம என்ன, தோணிச்சு. வாய் வரல.

எடுத்து வைக்க இருக்க மாட்டேன்னு எதைச் சொன்னான்னு இன்னும் சில நாள் யோசிப்பேன். காலைல துணி பிழியறப்ப வரும் அந்த யோசனை. அப்புறம் வேலை வந்துடும்.

அதோ, பலராமன் வந்துட்டான். ஏய் பலராமா, மேல போய்ச் சாத்திட்டு லிஃப்டைக் கீழ கொண்டா, கர்ப்பிணிப் பொண்ணு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்? பாருங்க, விறுவிறுன்னு படியேறறான். எந்த மாடின்னுகூடக் கேக்கல. அனுபவம்.

வந்துடுச்சு பாருங்க. நான் சொன்னேன்ல, ஒரு அதட்டல் போட்டா எல்லாம் நடக்கும். எழுந்திருங்க, மெதுவா. கையைக் குடுங்க. ஏன் பலராமா சிரிக்கற? அந்த வாளி... ஆமா, என் வாளிதான். கட்டையும் என்னோடதுதான். அதை ஏன் அந்த அம்மா கையில குடுக்கற? சரி பிடிச்சுக்கங்கம்மா, எனக்கு ஒரு கையில கீரை, ஒரு கையில நீங்க.

நீங்க என்ன அப்படிப் பாக்கறீங்க? இது வேறம்மா. நான்தான் சொன்னேனே. கீரைக்காரம்மா போயிடுவாங்களேன்னு ஓடிவந்தேன். திரும்பி வர்றதுக்காக வச்சுட்டு வந்தது இது. கால் மணி நேரம் ஆச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன், லிஃப்ட் வராமத்தானே கீழயே நின்னுட்டேன்?

உள்ள வாங்க. அந்தக் கம்பிக் கதவை இழுத்து விடுங்க. அப்படித்தான். ரெண்டை அழுத்துங்க முதல்ல. எங்க மாடியில ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அப்புறம் மூணுக்குப் போகலாம். புரோக்கர் இன்னும் வரலியே, என்ன அவசரம்?

கட்டையையே பாத்துட்டு வர்றீங்களே. மூச்சு வாங்குதா?

வந்துடுச்சு. நான் இந்தக் கீரையை மட்டும் உள்ள வச்சுட்டு, காஸை ஒரு பார்வை பாத்துட்டு ஓடி வந்துடறேன். வாளி உள்ளயே இருக்கட்டும். கதவு தானா சாத்திக்கும், அதனால அந்தக் கட்டையை இப்படிக் கீழ சொருகிடுங்க. குனிய முடியலேன்னா காலால தள்ளி விடுங்க. ரெண்டு நிமிஷம்தான்.

என்னம்மா? சொருகச் சொன்னா எங்கிட்ட நீட்டறீங்க?

ரெண்டு கையாலயும் நீட்டாதீங்கம்மா. அவளும் இப்படித்தான் நீட்டினா.